ரூட் செய்த போனில் 64 கேபிபிஎஸ் வேகக் கட்டுப்பாட்டைத் தாண்ட முடியுமா?

குளத்தூரான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊருக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. வீட்டுக்கு நெட் என்றால் என் போன்தான். தினம் 1.5 ஜிபி பேக். தங்கை நர்சிங் படிக்கிறாள், அவள் லேப்டாப்புக்கும் இந்த ஹாட்ஸ்பாட்தான். சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்குள் "இன்றைய டேட்டா 100 சதவீதம் தீர்ந்தது" என்று எஸ்எம்எஸ் வந்துவிடும். அதற்கப்புறம் நள்ளிரவு வரை 64 கேபிபிஎஸ். வாட்ஸ்ஆப் மெசேஜ் கடிகாரக் குறியோடு நிற்கும். மளிகைக் கடையில் யுபிஐ போட்டால் சுற்றிக்கொண்டே இருந்து பெண்டிங் என்று காட்டும். பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் கடைக்காரர் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது.

போன் பழைய ரெட்மி நோட். பூட்லோடர் பூட்டைத் திறந்து லினேஜ் ஓஎஸ் என்ற வேறு ஆண்ட்ராய்டு போட்டிருக்கிறேன், மேஜிஸ்க் மூலம் ரூட், அதாவது போனின் முழு அதிகாரம், இருக்கிறது. யூடியூபில் மூன்று வழி சொல்கிறார்கள்: நெட் பூஸ்டர் மாட்யூல் (மேஜிஸ்க்கில் சேர்க்கும் துணை ஃபைல்), டிடிஎல் (டேட்டா துண்டு ஒவ்வொன்றிலும் இருக்கும் ஒரு எண்) எண்ணை மாற்றுவது, ஏபிஎன் (நெட் இணைப்புக்கான வாசல் பெயர்) மாற்றுவது. இதில் எது உண்மையிலேயே வேலை செய்யும்? போனையே ரூட் செய்து வைத்திருந்தும் இந்த 64-ஐத் தாண்ட முடியாதா?

மேஜிஸ்க் பித்தன்

ப்ரோ, டெலிகிராமில் நெட் ஸ்பீடு மாட்யூல் நிறைய கிடைக்கிறது. நான் ஒன்று போட்டிருக்கிறேன். பில்ட் ப்ராப் என்ற அமைப்பு ஃபைலில் டிசிபி பஃபர் (டேட்டா தற்காலிகமாகத் தங்கும் இடம்) அளவைப் பெரிதாக்குகிறது, தளப் பெயரைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸை கூகுளுக்கு மாற்றுகிறது, பிபிஆர் என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறையை ஆன் செய்கிறது. பேஜ் கொஞ்சம் சீக்கிரம் திறப்பது மாதிரி இருக்கிறது. டேட்டா தீர்ந்த பிறகு ஏரோபிளேன் மோடு போட்டு எடுத்தால் முதல் சில நொடி நல்ல வேகம் வரும், அதையும் செய்து பாருங்கள்.

கோர்சைடு

தம்பி, நான் டெலிகாமில் கோர் நெட்வொர்க் பக்கம் வேலை பார்ப்பவன். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, அமைப்பு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த 64 எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால் மூன்று வழிக்கும் சேர்த்தே பதில் கிடைத்துவிடும்.

மொபைல் டேட்டாவை ஆன் செய்ததும் போன் ஒரு செஷன் கேட்கும். அப்போது நெட்வொர்க் உங்களை அடையாளம் காண்பது சிம்மில் உள்ள ஐஎம்எஸ்ஐ எண்ணை வைத்து. கேட்வே என்ற வாசல் கருவி உடனே கொள்கை சர்வரிடம் கேட்கும்: இவர் பேக் என்ன, இன்று எவ்வளவு எடுத்தார், என்ன வேகம் கொடுக்கலாம்? 4ஜி-யில் அந்த சர்வருக்கு பிசிஆர்எஃப் என்று பெயர், 5ஜி-யில் பிசிஎஃப். 1.5 ஜிபி தீர்ந்ததும் அங்கிருந்து கேட்வேக்குப் புது விதி போகும்: இந்தச் சந்தாதாரருக்கு இனி 64 கேபிபிஎஸ். அதற்கு மேல் வரும் பாக்கெட்டுகளை (டேட்டா துண்டுகளை) கேட்வே காக்க வைக்கும், இல்லை கீழே போடும். இதெல்லாம் ஏதோ ஒரு டேட்டா சென்டரில் நடக்கிறது. ரூட் உங்களுக்குக் கொடுக்கும் அதிகாரம் கையில் இருக்கும் லினக்ஸ் கர்னலோடு (போன் சிஸ்டத்தின் மையப் பகுதியோடு) முடிந்துவிடுகிறது. யூடியூப் அனுப்பிய பாக்கெட் உங்கள் டவருக்கே வரும் முன்னால் வடிகட்டப்பட்டுவிட்டது.

இப்போது ஒவ்வொன்றாக. ஏபிஎன் மாற்றினால் செஷன் புதிதாகத் தொடங்கும், கணக்கு அதே ஐஎம்எஸ்ஐ மேல்தான், அதனால் அதே 64. பத்து இணைப்பில் டவுன்லோடு செய்யும் ஆப் போட்டாலும் வரம்பு ஆளுக்குத்தான், இணைப்புக்கு இல்லை. விபிஎன் போட்டால் இன்னும் மோசம்: வயர்கார்டு என்ற விபிஎன் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஐபிவி4-இல் 60 பைட் கூடுதலாகச் சேர்க்கும், அதுவும் அதே குறுகலான குழாய் வழியேதான் வர வேண்டும்.

பில்ட் ப்ராப் விஷயம். அந்த மாட்யூல்களைத் திறந்து பார்த்தால் ஹெச்எஸ்எக்ஸ்பிஏ, ஜிபிஆர்எஸ் கிளாஸ் என்று ஆண்ட்ராய்டின் ஆரம்ப காலத்தில் சுற்றிய வரிகள் இருக்கும். இன்றைய மோடம் ஃபர்ம்வேர் அவற்றைப் படிப்பதே இல்லை. டிசிபி பஃபரைப் பெரிதாக்குவது மிக வேகமான, தூரமான இணைப்புக்கு உதவும். 64 கேபிபிஎஸ்ஸில் இருக்கும் பஃபரே நிரம்பாது. பிபிஆர் நல்ல விஷயம்தான், கூகுள் 2016-இல் வெளியிட்டது, லினக்ஸ் 4.9 முதல் இருக்கிறது. ஆனால் நெரிசல் கட்டுப்பாடு வேலை செய்வது அனுப்புகிறவர் பக்கம். நீங்கள் டவுன்லோடு செய்யும்போது அனுப்புவது சர்வர். உங்கள் போனில் பிபிஆர் இருந்தால் நீங்கள் மேலே ஏற்றும் போட்டோவுக்கு மட்டும்தான் அது பொருந்தும்.

ஏரோபிளேன் மோடில் முதல் சில நொடி வேகமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. வேகத்தை அளக்கும் முறையில் சும்மா இருந்த நேரத்துக்குக் கொஞ்சம் சலுகை சேர்ந்துகொண்டே இருக்கும். இணைப்பு ஓய்ந்திருந்து மறுபடி தொடங்கும்போது அந்தச் சலுகை மொத்தமாகச் செலவாகும். அது சில கிலோபைட்தான், அதை வைத்து ஒரு பாட்டுக்கூட இறக்க முடியாது.

மாட்யூல் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு உண்மையிலேயே கவலையான விஷயம். மேஜிஸ்க் மாட்யூலுக்குள் இருக்கும் சர்வீஸ் ஸ்கிரிப்ட் போன் ஆன் ஆகும்போதெல்லாம் ரூட் அதிகாரத்தோடு ஓடும். யார் எழுதியது என்றே தெரியாத ஜிப் ஃபைலுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தால், உங்கள் எஸ்எம்எஸ், ஓடிபி எல்லாம் அவர் கைக்கு எட்டும் தூரத்தில். போடுவதற்கு முன் ஜிப்பைப் பிரித்து அந்த ஸ்கிரிப்ட்டுகளைப் படியுங்கள். எல்லாம் வெறும் எழுத்து ஃபைல்கள்தான். படித்தும் புரியாத வரியோ, வெளியிலிருந்து எதையாவது இறக்கும் வரியோ இருந்தால் போடாதீர்கள்.

மேஜிஸ்க் பித்தன்

பிரித்துப் பார்த்தேன் அண்ணா. நீங்கள் சொன்ன அதே வரிகள். கூடவே சர்வீஸ் ஸ்கிரிப்ட்டில் ஒரு சர்வரிலிருந்து ஏதோ ஃபைலை இறக்கி ஓட வைக்கும் வரி ஒன்று இருக்கிறது. மாட்யூலைத் தூக்கிவிட்டேன்.

கோர்சைடு

தூக்கினது மட்டும் போதாது. அந்த ஸ்கிரிப்ட் ஏற்கெனவே ரூட்டாக ஓடியிருக்கிறது. தேவையானதை பேக்கப் எடுத்துக்கொண்டு ரோமை (போனின் சிஸ்டத்தை) முதலிலிருந்து சுத்தமாகப் போட்டுவிடுங்கள். பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து மாற்றிவிடுங்கள்.

டல்லாஸ் தமிழன்

டிடிஎல் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வித்தைக்கு இங்கே அமெரிக்காவில்தான் பெரிய தேவை. இங்கே பல பிளான்களில் போனில் பார்ப்பதற்கு டேட்டா அளவில்லாமல் உண்டு, ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் தனியாக இத்தனை ஜிபி என்று இருக்கும். அது தீர்ந்தால் ஹாட்ஸ்பாட் மட்டும் 600 கேபிபிஎஸ் போன்ற வேகத்துக்கு இறங்கும், போனில் வேகம் அப்படியே இருக்கும். அப்படியானால் இந்தப் பாக்கெட் போனுடையதா, பின்னால் இருக்கும் லேப்டாப்புடையதா என்று கம்பெனி பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சுலபமான அடையாளம்தான் டிடிஎல்.

ஆண்ட்ராய்டு போனிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் 64 என்று எழுதியிருக்கும் (வேகத்தின் 64-க்கும் இதற்கும் தொடர்பில்லை). ஒவ்வொரு ரௌட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும். மேக், லினக்ஸ் லேப்டாப்பும் 64-இல் தொடங்கும், விண்டோஸ் 128-இல். லேப்டாப்பின் பாக்கெட் ஹாட்ஸ்பாட் போனைத் தாண்டும்போது ஒன்று குறைந்து 63 அல்லது 127 ஆகிவிடும். போனுடைய சொந்தப் பாக்கெட் 64 ஆகவே வெளியேறும். 63-ஐயும் 127-ஐயும் பார்த்தால் இது ஹாட்ஸ்பாட் என்று கம்பெனிக்குத் தெரிந்துவிடும்.

ரூட் போனில் ஐபிடேபிள்ஸ் என்ற, கர்னலின் பாக்கெட் விதிப் பட்டியலின் மேங்கிள் டேபிளில் வெளியே போகும் எல்லாப் பாக்கெட்டுக்கும் 64 என்று எழுதச் சொல்வதுதான் அந்த வித்தை. லேப்டாப்பிலேயே தொடக்க எண்ணை 65 ஆக்கினாலும் போனைத் தாண்டும்போது 64 ஆகிவிடும், அதற்கு ரூட்டே தேவையில்லை. யூடியூபில் 65 என்று சொல்வது இதைத்தான். ரூட் வழியில் செய்பவர்கள் பலர் தடுமாறும் இடங்கள் மூன்று. பல கர்னல்களில் டிடிஎல்லை மாற்றும் பகுதியே சேர்க்கப்பட்டிருக்காது, கட்டளை பிழை காட்டும். இரண்டாவது, டெவலப்பர் ஆப்ஷனில் டெதரிங் (ஹாட்ஸ்பாட்) ஹார்டுவேர் ஆக்சலரேஷன் ஆன் ஆக இருந்தால் பாக்கெட்டுகள் கர்னலுக்குள் வராமலே சிப் வழியாகப் போய்விடும், ஐபிடேபிள்ஸ் விதி கண்ணிலேயே படாது. மூன்றாவது ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை: அங்கே டிடிஎல்லுக்குப் பதில் ஹாப் லிமிட், அதற்குத் தனி விதி வேண்டும்.

இது பிளான் ஒப்பந்தத்தை மீறுவதுதான், தெரிந்தால் லைனைத் துண்டிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அதே சமயம் வரம்பு வைத்த கம்பெனிகளும் இங்கே தண்டனை வாங்கியிருக்கின்றன. வெரிசான் 700 மெகாஹெர்ட்ஸ் சி பிளாக் அலைக்கற்றையை வாங்கியபோது வாடிக்கையாளர் விரும்பும் ஆப்பைத் தடுக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அப்படியிருந்தும் டெதரிங் ஆப்களைக் கூகுளின் ஸ்டோரில் மறைக்கச் செய்தார்கள் என்ற புகாரில் 2012-இல் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசிக்கு 12.5 லட்சம் டாலர் கட்டினார்கள். அன்லிமிடெட் என்று விற்றுவிட்டு வேகத்தைக் குறைத்ததற்காக ஏடி அண்டு டி மேல் வணிக ஆணையமான எஃப்டிசி 2014-இல் வழக்குப் போட்டது, 2019-இல் 6 கோடி டாலருக்கு முடிந்தது. அந்த வழக்கில் 2 ஜிபி தாண்டியவர்களுக்கே வேகம் குறைக்கப்பட்டிருந்தது.

குளத்தூரான், உங்கள் ஊர் விஷயத்துக்கு வருவோம். இந்தியாவில் தினசரி பேக்கில் ஹாட்ஸ்பாட்டும் அதே 1.5 ஜிபி கணக்கில்தான் போகிறது. தனி வரம்பு இல்லாத இடத்தில் டிடிஎல்லை மாற்றி மறைக்க ஒன்றும் இல்லை.

குளத்தூரான்

புரிகிறது அண்ணா. அப்படியானால் ஏதாவது ஒரு ஹோஸ்ட் பெயரைப் போட்டு இன்ஜெக்டர் ஆப்பில் ஃப்ரீ நெட் எடுப்பது? ஃபைல் எல்லாம் குரூப்பில் வருகிறதே.

மட்டுறுத்துநர்

அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். கட்டணமில்லாமல் திறந்திருக்கும் தளத்தின் பெயரைப் பொய்யாகக் காட்டி டேட்டா எடுப்பது திருட்டு. அந்த ஃபைலை உருவாக்கியவரின் சர்வர் வழியாகத்தான் உங்கள் மொத்த நெட்டும் போகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ மாற்றுவது பற்றியும் கேட்காதீர்கள். அதை மாற்றினாலும் டேட்டா கணக்கு சிம் மேல்தான், ஒரு கிலோபைட் கூடக் கூடாது. இந்தியாவில் 2017 விதிகளிலிருந்தே அது குற்றம், 2023 தொலைத்தொடர்புச் சட்டத்திலும் 3 ஆண்டு வரை சிறை உண்டு. நம் போனில் நாம் செய்துகொள்ளக்கூடியதைப் பேசுவோம்.

நெல்லைக்காரி

தம்பி, உங்கள் ரூட்டுக்கு இங்கே ஒரு நல்ல வேலை இருக்கிறது. 64-ஐ 65 ஆக்க முடியாது, சரி. ஆனால் அந்த 64-ஐ யார் தின்கிறார்கள் என்பது முழுக்க உங்கள் கையில். அதை ஒழுங்கு செய்தால் யுபிஐயும் வாட்ஸ்ஆப்பும் நின்று நிதானமாக ஓடும். எங்கள் வீட்டில் ராத்திரி நேரம் இப்படித்தான் ஓடுகிறது.

கணக்கு போட்டுப் பாருங்கள். 64 கேபிபிஎஸ் என்பது கிலோபிட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 8 கிலோபைட். ஒரு முழு அளவு பாக்கெட் 1500 பைட், அதாவது 12,000 பிட். அது ஒன்று வந்து சேர 187 மில்லிசெகண்ட் ஆகும். பின்னணியில் போட்டோ பேக்கப்போ இன்ஸ்டாகிராமோ ஏதோ இழுத்துக்கொண்டிருந்து, உங்கள் யுபிஐ பதிலுக்கு முன்னால் கேட்வேயில் ஐம்பது பாக்கெட் வரிசையில் நின்றால், உங்கள் பாக்கெட் வர 9 நொடிக்கு மேல். பேங்க் சர்வரோடு இணைப்பு உண்டாக்கவே இப்படிப் பல தடவை போய் வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒன்பது நொடி என்றால் ஆப் பொறுமை இழந்து டைம் அவுட் சொல்லிவிடும். ஒரு யுபிஐ பரிமாற்றத்துக்குத் தேவையான டேட்டா மிகக் கொஞ்சம். வரிசை காலியாக இருந்தால் 8 கிலோபைட் வேகத்தில் அது தாராளமாக முடியும். பேருந்து நிறுத்தத்தில் ஒற்றைக் கதவு வண்டி நிற்கும்போது மூட்டை ஏற்றுகிறவர் முன்னால் நின்றால் என்ன ஆகும், அதுதான் நடக்கிறது.

அதனால் 100 சதவீதம் என்ற எஸ்எம்எஸ் வந்ததும் மூட்டைகளை இறக்கிவிட வேண்டும். ஏஎஃப்வால் ப்ளஸ் என்று ஒரு ஆப். ஐபிடேபிள்ஸை வைத்து வேலை செய்கிறது, ரூட் வேண்டும், ஓப்பன் சோர்ஸ், எஃப்ட்ராய்டில் கிடைக்கும். ஒவ்வொரு ஆப்புக்கும் வைஃபை, மொபைல் டேட்டா என்று தனித்தனி டிக். அனுமதித்தவை மட்டும் போகட்டும் என்ற முறையில் வையுங்கள். இரண்டு ப்ரொஃபைல் போடுங்கள். பகல் ப்ரொஃபைலில் வழக்கமான ஆப்கள். ராத்திரி ப்ரொஃபைலில் வாட்ஸ்ஆப், யுபிஐ ஆப், ஒரு பிரவுசர், அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். மாலை 6 மணியிலிருந்து நள்ளிரவு வரை 8 கிலோபைட் வேகத்தில் இடைவிடாமல் இறக்கினால் 172 எம்பி வரும். தங்கையின் பாடக் குறிப்பு பிடிஎஃப்களை, நின்றாலும் விட்ட இடத்திலிருந்து இறக்கும் டவுன்லோடரில் போட்டு, ராத்திரி ப்ரொஃபைலில் அதற்கும் டிக் கொடுத்துவிட்டால் படுக்கப் போவதற்குள் பெரும்பாலும் வந்திருக்கும். ஆனால் அது ஓடும்போது யுபிஐ செய்யாதீர்கள்.

குளத்தூரான்

அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. போட்டுப் பார்த்தேன், ஆனால் ராத்திரி ப்ரொஃபைலில் பிரவுசர் கூட எதையும் திறக்கவில்லை. சர்வர் கிடைக்கவில்லை என்கிறது. வாட்ஸ்ஆப்பில் மெசேஜ் வந்தாலும் நோட்டிஃபிகேஷன் வருவதில்லை.

நெல்லைக்காரி

முதல் சிக்கல் டிஎன்எஸ். ஆண்ட்ராய்டில் தளத்தின் பெயரைத் தேடும் வேலையை ஆப்புக்காக சிஸ்டம்தான் செய்கிறது. ஏஎஃப்வால் பட்டியலில் மேலே ரூட்டாக ஓடும் ஆப்கள் என்று ஒரு வரி இருக்கும், அதற்கும் டிக் கொடுங்கள். அமைப்புகளில் டிஎன்எஸ் ப்ராக்ஸி என்ற தேர்வும் இருக்கிறது, அதை மாற்றிப் பாருங்கள்.

இரண்டாவது, நோட்டிஃபிகேஷன் வருவது கூகுள் ப்ளே சர்வீசஸ் வழியாக. அதையும் அனுமதிக்க வேண்டும். ஆனால் ப்ளே ஸ்டோரை அடைத்துவையுங்கள், ஆப் அப்டேட் அதன் வழியாகத்தான் வருகிறது. வாட்ஸ்ஆப் அமைப்பில் மொபைல் டேட்டாவில் போட்டோ, வீடியோ தானாக இறங்குவதை முழுக்க நிறுத்துங்கள். குடும்பக் குரூப்பில் வரும் காலை வணக்க வீடியோ ஒன்று 3 எம்பி இருந்தால், 64-இல் அது ஆறு நிமிடத்துக்கு மேல் குழாயை அடைத்துக்கொள்ளும்.

ராத்திரி ப்ரொஃபைலில் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிடுங்கள். ஏஎஃப்வால் போனில் இருக்கும் ஆப்களைத் தனித்தனியாகப் பிரிக்கும், பின்னால் இருக்கும் லேப்டாப்பில் என்ன ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. அதோடு தங்கை லேப்டாப்பில் விண்டோஸ் என்றால், உங்கள் ஹாட்ஸ்பாட் பெயரைத் திறந்து மீட்டர்டு கனெக்ஷன் (அளவான டேட்டா உள்ள இணைப்பு) என்பதை ஆன் செய்யுங்கள். ஒன்ட்ரைவ் ஃபைல்களைத் தானாக ஏற்றி இறக்குவதை (சிங்க்) நிறுத்தி வையுங்கள். உங்கள் 1.5 ஜிபி சாயங்காலத்துக்குள் தீர்வதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். 20 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு அப்டேட் இழுத்தால் 1.5 ஜிபி பத்தே நிமிடம்.

ரூட் இல்லாமல் இதைப் படிக்கிறவர்களுக்கு: நெட்கார்டு, ரீதிங்க் இரண்டும் இதே வேலையை விபிஎன் இடத்தை எடுத்துக்கொண்டு செய்கின்றன. லினேஜில் ஒவ்வொரு ஆப்பின் தகவல் பக்கத்திலும் மொபைல் டேட்டாவைத் தடுக்கும் சுவிட்ச் இருக்கிறது, ஆனால் ஒரே தட்டில் எல்லாவற்றையும் மாற்ற ஏஎஃப்வால்தான் வசதி.

பேண்ட்40

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். இழையைப் படிக்கிறவர்கள் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்: உங்களுக்கு நடப்பது வேகக் கட்டுப்பாடா, டவர் நெரிசலா? டேட்டா மீதி இருக்கும்போதே வேகம் இல்லை என்றால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. கண்டுபிடிப்பது எளிது. கட்டுப்பாடு என்றால் காலை, மதியம், ராத்திரி எப்போது பார்த்தாலும் ஒரே எண்ணில் தட்டையாக நிற்கும். நெரிசல் என்றால் ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்குப் படுத்துவிடும், விடியற்காலையில் பறக்கும். குறிப்பிட்ட ஆப்பின் வேகம் மட்டும் குறைகிறதா என்று பார்க்க வீஹே என்ற ஆப் இருக்கிறது, அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்தது. ஒரே வீடியோ டிராஃபிக்கை ஒரு தடவை அப்படியே, இன்னொரு தடவை அடையாளம் தெரியாதபடி கலைத்து ஓட்டிப் பார்த்து வித்தியாசம் சொல்லும். வித்தியாசம் தெரிந்தால் அங்கே விபிஎன்னுக்கு வேலை உண்டு.

நெரிசலில் ரூட் நிஜமாகவே உதவும். வீட்டுக்குள் போன் பெரும்பாலும் பேண்ட் (அலைவரிசை) 5 அல்லது 8-இல் ஒட்டிக்கொள்ளும். 850, 900 மெகாஹெர்ட்ஸ், சுவரைத் துளைத்து வரும், சிக்னல் கட்டைகள் நிறையத் தெரியும். ஆனால் அதன் அகலம் குறைவு, ஊரே அதில்தான் இருக்கும். அதே டவரில் பேண்ட் 40, அதாவது 2300 மெகாஹெர்ட்ஸ், கட்டை குறைவாகக் காட்டினாலும் அகலம் அதிகம். குவால்காம் சிப் உள்ள ரூட் போனில் நெட்வொர்க் சிக்னல் குரு ஆப்பை வைத்து எந்த பேண்டில் இருக்க வேண்டும் என்று பூட்டலாம். ஜன்னல் ஓரம் போனை வைத்து 40-இல் பூட்டியதும் எங்கள் வீட்டில் வீடியோ கால் வெட்டாமல் போகிறது. ஒரு எச்சரிக்கை: பூட்டிவிட்டு வெளியே கிளம்பினால் அந்த பேண்ட் இல்லாத இடத்தில் போன் சிக்னலே இல்லாமல் கிடக்கும், அவசர அழைப்புக்கும் சிக்கல் வரலாம். வீட்டை விட்டு இறங்கும்போது பூட்டை எடுத்துவிடுங்கள்.

உங்கள் பகுதியில் 5ஜி இருக்கிறதா என்றும் பாருங்கள். 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பிறகு தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள பல பேக்குகளில் 5ஜி-யில் எடுக்கும் டேட்டா தினக் கணக்கில் சேராது. 5ஜி போனும் சிக்னலும் இருந்தால் உங்கள் 1.5-இலிருந்து அந்தப் பேக்குக்கு மாறுவது இந்த எல்லா வேலையையும் மிச்சப்படுத்தும். போன் 4ஜி-க்கு நழுவும்போது மட்டும் கணக்கு ஓடும்.

கட்டணக்குரல்

தொழில்நுட்பம் சரி, ஆனால் கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படாமல் போகிறோம். 64 கேபிபிஎஸ் என்பது ஐஎஸ்டிஎன் என்ற பழைய டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு காலத்தில் ஒரு சேனலின் வேகம். 2016-இல் ஜியோ வந்தபோது கூட தினக் கணக்கு தீர்ந்தால் 128 கொடுத்தார்கள். அன்றைய பேஜ்களைவிட இன்றைய பேஜ்கள் கனமானவை, பணம் கொடுப்பது, மருத்துவமனை டோக்கன், ரேஷன் எல்லாம் நெட்டுக்கு மாறிவிட்டது, வேகமோ பாதியாகிவிட்டது. 2023 ஜனவரியில் அரசே பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 2 எம்பிபிஎஸ் என்று வரையறுத்தது. 64 அதில் 31-இல் ஒரு பங்கு.

2018-இல் கலிஃபோர்னியாவில் மெண்டோசினோ காட்டுத்தீயை அணைக்கப் போன சான்டா கிளாரா கவுண்டி தீயணைப்புத் துறையின் வாகனத்துக்கே வெரிசான் வேகத்தைக் குறைத்து வைத்தது. மாநிலம் அதற்கப்புறம் சட்டம் கொண்டுவந்தது. இங்கே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒவ்வொரு தடவையும் கருத்துக் கேட்பு அறிக்கை போடும்போது சாதாரண ஆட்கள் எழுதலாம். 2016 பிப்ரவரியில், சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் மாதிரியான திட்டங்களுக்கு டிராய் தடை போட்டதற்கு முன்னால் லட்சக்கணக்கானவர்கள் எழுதினார்கள். யுபிஐ ஓடும் அளவுக்காவது ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை.

கோர்சைடு

இதில் நான் உங்களோடு ஒத்துப்போகிறேன். கம்பெனி உள்ளிருந்து பார்த்தாலும், தீர்ந்த பிறகு 64-க்குப் பதில் 256 கொடுத்தால் டவருக்கு ஏறும் பாரம் பெரிதில்லை. 64 வைப்பது டாப்அப் பேக் வாங்க வைக்கத்தான்.

டல்லாஸ் தமிழன்

ரூட் செய்யலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூட்லோடர் திறந்தால் போனில் இருப்பது மொத்தமும் அழியும். சாம்சங்கில் நாக்ஸ் என்ற பாதுகாப்பு ஒரு தடவை உடைந்தால் பிறகு பழையபடி ஆகாது. பல பேங்க் ஆப்கள் கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி சோதனையில் நின்றுவிடும். நெல்லைக்காரி அக்கா சொன்னதற்காக மட்டும் புதிய போனை ரூட் செய்ய வேண்டாம், நெட்கார்டு போதும். குளத்தூரானிடம் ஏற்கெனவே ரூட் இருக்கிறது, அவருக்குப் பிரச்சினை இல்லை.

குளத்தூரான்

அக்கா சொன்ன டிஎன்எஸ் வரிதான் காரணம். டிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. நேற்று ராத்திரி எட்டரைக்கு 64-இல் இருக்கும்போதே மெடிக்கலில் அம்மாவுக்கு மாத்திரை வாங்கினேன். யுபிஐ கொஞ்சம் யோசித்தது, ஆனால் டிக் வந்துவிட்டது. லேப்டாப்பில் மீட்டர்டு போட்டதும் 1.5 ஜிபி எட்டு மணி வரை நிற்கிறது. ஒன்ட்ரைவ் தங்கையின் கிளாஸ் வீடியோக்களை ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஒரே குறை, ப்ரொஃபைலை நானே மாற்ற வேண்டியிருக்கிறது. எஸ்எம்எஸ்ஸைக் கவனிக்காவிட்டால் பகல் ப்ரொஃபைலிலேயே கிடக்கிறது. இதைத் தானாக மாற்ற முடியுமா?

நெல்லைக்காரி

முடியும். வேலைகளைத் தானாகச் செய்யும் டாஸ்கர் ஆப் போடுங்கள், ஏஎஃப்வால் ப்ரொஃபைலை மாற்றுவதற்கு அதற்கான ப்ளகின் ஏஎஃப்வாலுக்குள்ளேயே இருக்கிறது. தொடக்கமாக எஸ்எம்எஸ் வருவதைக் கொடுங்கள்: அனுப்புகிறவர் பெயரில் உங்கள் கம்பெனியின் தலைப்பு, உள்ளே 100% என்ற எழுத்து. இரண்டும் பொருந்தினால் ராத்திரி ப்ரொஃபைல், கூடவே ஹாட்ஸ்பாட் ஆஃப். 50, 90 சதவீத எஸ்எம்எஸ்ஸும் அதே தலைப்பில் வரும் என்பதால் 100% என்பதைச் சேர்க்காமல் விடாதீர்கள். இன்னொரு வேலையாக நள்ளிரவு 12.05-க்குப் பகல் ப்ரொஃபைல். சரியாக 12 மணிக்கு வைத்தால் புதுக் கணக்கு தொடங்கும் முன்பே எல்லா ஆப்பும் ஒன்றாகப் பாயும்.

90% எஸ்எம்எஸ்ஸுக்கும் ஒரு வேலை வைக்கலாம்: ஹாட்ஸ்பாட்டை மட்டும் அணைத்து, தங்கைக்கு ஒரு மெசேஜ். 150 எம்பி மீதி இருக்கும்போதே அவள் தேவையானதை உங்கள் போனில் இறக்கிக்கொள்ளலாம்.